கோஷா மருத்துவமனை முதல் ஊசிமுனை வரை: வயிற்றுக் கட்டியை அறியும் முறைகளின் வரலாறும் திருவல்லிக்கேணியும்

ஆய்வுச் சுருக்கம்

வயிற்றினுள் தோன்றும் கட்டியின் இயல்பை உடலைத் திறக்காமல் அறிவது மருத்துவ வரலாற்றின் நெடுநாள் முயற்சி. தொட்டறிதல், அறுத்தறிதல், நிழற்படம், ஒலிப்படம் என வளர்ந்த இம்முயற்சி, இன்று அகநோக்கிக் குழாயின் நுனியில் பொருத்தப்பட்ட மீயொலிக் கருவியின் வழிகாட்டலில் ஊசி செலுத்தி உயிரணுக்களை எடுத்து ஆராயும் முறையாக நிலைபெற்றுள்ளது. திருவல்லிக்கேணியில் பெண்களுக்கென அமைந்த மருத்துவமனையின் தோற்றத்தைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு, இம்முறை உருவான வரலாற்றையும், சென்னையின் நோய்ச் சூழலில் அதன் தேவையையும், அதைத் தமிழில் எடுத்துரைப்பதில் உள்ள இடர்ப்பாட்டையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: திருவல்லிக்கேணி, கோஷா மருத்துவமனை, மேரி ஷார்லீப், மீயொலி அகநோக்கி, ஊசிவழி உயிரணு ஆய்வு, கணையம், வயிற்றுக் காசநோய், மருத்துவத் தமிழ்

முன்னுரை

வயிற்று நோய்களைத் தமிழ் மருத்துவ மரபு விரிவாகவே பேசியுள்ளது. சித்த மருத்துவ நூல்கள் குன்மத்தை எட்டு வகையாகப் பகுக்கின்றன. உடலையும் உள்ளத்தையும் குன்றச் செய்வதால் அந்நோய் அப்பெயர் பெற்றது என்பர். வடமொழி மருத்துவத்தில் இதற்கு இணையான சொல் வயிற்றில் கையால் உணரத்தக்க திரட்சியைக் குறிக்கும். இரு மரபுகளிலும் நோயாளியின் கூற்று, நாடி, கையின் தொடுவுணர்வு ஆகியனவே அறிதலின் வாயில்கள். திரட்சி உண்டு என்பதைக் கை சொல்லும். அத்திரட்சி எதனால் ஆனது என்பதைக் கை சொல்லாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவைக் கடந்த கதையே நோயறி முறைகளின் வரலாறு.

இவ்வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கருவி யாரைச் சென்றடைந்தது, யாரை அடையவில்லை என்னும் வினா அதில் பின்தங்கிவிடுகிறது. அவ்வினாவை முன்வைத்துத் தொடங்கிய ஒரு மருத்துவமனை திருவல்லிக்கேணியில் உள்ளது. ஆகவே கருவியின் கதையை அவ்வூரிலிருந்து தொடங்குவது பொருத்தமுடையது.

கோஷா மருத்துவமனையும் நோயறியும் சிக்கலும்

சென்னைப் பொது மருத்துவமனை 1664இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தோன்றி, 1772இல் இன்றைய இடத்திற்கு வந்தது. அதனை ஒட்டி 1835இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி 1850இல் கல்லூரியாக உயர்ந்தது. ஆயினும் நகரப் பெண்களில் பெரும்பகுதியினர்க்கு இவ்விரு நிறுவனங்களும் இருந்தும் இல்லாதனவாகவே இருந்தன. திருவல்லிக்கேணியிலும் சேப்பாக்கத்திலும் ஆர்க்காட்டு நவாபு குடும்பத்தைச் சார்ந்து வாழ்ந்த முஸ்லிம் பெண்களும், மேல்சாதி இந்துக் குடும்பப் பெண்களும் ஆண் மருத்துவரின் கண்ணுக்கும் கைக்கும் அப்பாற்பட்டவர்களாக வைக்கப்பட்டிருந்தனர். ‘கோஷா’ என்னும் பாரசீகச் சொல்லுக்கு மூலை என்பது பொருள். அது மறைவில் வாழ்தலைக் குறிக்கும் வழக்காயிற்று. தொட்டறிதலே முதன்மை நோயறி முறையாக இருந்த காலத்தில், தொட இயலாத உடல் என்பது அறிய இயலாத உடலே.

வழக்கறிஞரான கணவருடன் 1866இல் சென்னைக்கு வந்த மேரி ஷார்லீப் (1845–1930) இந்நிலையைக் கண்டே மருத்துவம் பயில முற்பட்டார். 1924இல் வெளியான தம் நினைவுக் குறிப்பு நூலில் அவர் இதனைப் பதிவு செய்துள்ளார். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது நுழைந்த நால்வருள் அவரும் ஒருவர். பின்னர் இலண்டன் சென்று 1882இல் பட்டம் பெற்று, 1883இல் சென்னைக்குத் திரும்பினார். 1885இல் நுங்கம்பாக்கத்தில் சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா மருத்துவமனை தொடங்கியது. வேங்கடகிரி அரசர் அளித்த ஒரு லட்சம் ரூபாய்க் கொடையின் துணையோடு 1890இல் அது சேப்பாக்கம்–திருவல்லிக்கேணிப் பகுதிக்கு இடம்பெயர்ந்தது. விடுதலைக்குப் பின் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை எனப் பெயர் மாறியபோதும், வட்டார மக்கள் நாவில் அது இன்றும் ‘கோஷா ஆஸ்பத்திரி’தான்.

இம்மருத்துவமனையின் தோற்றத்தில் கருத்தத்தக்க செய்தி ஒன்றுண்டு. திரையைக் கிழிப்பது அதன் வழியன்று. திரைக்குள் செல்லத்தக்க கைகளைப் பயிற்றுவிப்பதே அதன் வழி. நோயாளி நின்ற இடத்திற்கு மருத்துவம் சென்றது. நோயறிதலுக்குத் தடை கருவியின்மை மட்டுமன்று, அணுகலின்மையும் ஆகும் என்பதை 1885ஆம் ஆண்டு நிகழ்வு உணர்த்துகிறது. இக்கட்டுரையின் இறுதிப்பகுதி இக்கருத்திற்கு மீளும்.

மறைந்திருக்கும் உறுப்பு

வயிற்றுறுப்புகளுள் அறிதற்கு மிக அரியது கணையம். இரைப்பைக்குப் பின்புறம், முதுகெலும்பை ஒட்டி, பெருங்குருதிக் குழாய்களின்மேல் அது கிடக்கிறது. கட்டி பெரிதாகும்வரை கைக்கு அது எட்டாது. இராண்ட்கன் 1895இல் கண்டறிந்த எக்ஸ் கதிருக்கும் மென்திசுவாகிய கணையம் தெளிவாகப் புலப்படவில்லை. அருகிலுள்ள குடல் தள்ளப்பட்டிருப்பதைக் கொண்டு ‘அங்கு ஏதோ உள்ளது’ என உய்த்துணர்வதே இயன்றது.

எனவே, வயிற்றைத் திறந்து பார்ப்பதே நெடுங்காலம் இறுதிச் சான்றாக இருந்தது. 1846இல் மயக்க மருந்தும் 1867இல் லிஸ்டரின் கிருமித்தடுப்பு முறையும் வந்தபின் வயிற்றறுவை இயல்வதாயிற்று. ஆயினும் நோய் என்னவென்று அறிவதற்காக மட்டுமே செய்யப்படும் அறுவையில் ஓர் அறச்சிக்கல் உண்டு. திறந்து பார்த்தபின் நோய் முற்றியதெனத் தெரிந்தால் மூடிவிடுவதன்றி வேறு வழியில்லை. மருந்தால் தீரும் நோயெனத் தெரிந்தால் அவ்வறுவையே தேவையற்றதாகிவிடும். இரு நிலையிலும் காயம் நோயாளிக்கு எஞ்சுகிறது.

சென்னையில் இரைப்பைக் குடல் அறுவை மருத்துவம் தனித்துறையாக வளர்ந்தபோது இச்சிக்கலும் கூர்மை பெற்றது. சென்னை மருத்துவக் கல்லூரியில் அத்துறை உருவாக முன்னோடியாய் நின்றவர் ந. ரங்கபாஷ்யம் (1934–2013), 2002இல் பத்மபூஷண் விருது பெற்றவர். உறுப்புவாரியான சிறப்புத் துறை தோன்றியதும், அறுவைக்கு முன்பே நோயின் இயல்பைத் துணிய வேண்டும் என்னும் தேவையும் உடன் எழுந்தது.

ஒளியும் ஒலியும்

இன்றைய மீயொலி அகநோக்கி இரு வேறு தொழில்நுட்ப மரபுகளின் சந்திப்பில் பிறந்தது. ஒன்று ஒளியின் மரபு. 1868இல் குஸ்மௌல் நேரான உலோகக் குழாயை இரைப்பைக்குள் செலுத்தினார். 1932இல் ஷிண்ட்லர் ஓரளவு வளையும் குழாயை அமைத்தார். 1954இல், பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரீந்தர் சிங் கபானியும் அவருடைய ஆசிரியர் ஹாப்கின்சும் கண்ணாடி இழைக்கற்றை வழியே உருவத்தைக் கடத்தலாம் என இலண்டனில் காட்டினர். இக்கொள்கையைக் கொண்டு ஹிர்ஷோவிட்ஸ் 1957இல் அமெரிக்காவில் முற்றும் வளையும் அகநோக்கியை உருவாக்கினார். இரைப்பையின் உட்சுவர் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் ஒளி சுவரோடு நின்றுவிடும். சுவருக்கு அப்பாலுள்ளதை அது காட்டாது.

மற்றொன்று ஒலியின் மரபு. 1880இல் கியூரி உடன்பிறந்தோர் சில படிகங்களை அழுத்தினால் மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டனர். முதல் உலகப்போர்க் காலத்தில் லாஞ்சவான் இதனை நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியப் பயன்படுத்த முயன்றார். 1958இல் கிளாஸ்கோவின் இயன் டொனால்டு வயிற்றுக் கட்டிகளை மீயொலியால் ஆராய்ந்த முடிவுகளை வெளியிட்டார். ஒலி சுவரைக் கடந்து செல்லும். எனினும் வயிற்றின் மேற்பரப்பிலிருந்து கணையத்தை நோக்கும்போது இடையிலுள்ள கொழுப்பும் குடற்காற்றும் ஒலியைச் சிதைத்தன.

தீர்வு எளிய தருக்கமுடையது: ஒலிக் கருவியை உறுப்பின் அருகிலேயே கொண்டுசெல்வது. 1980இல் அமெரிக்காவில் டிமாக்னோ குழுவினரும் ஜெர்மனியில் ஸ்ட்ரோம், கிளாசன் முதலியோரும் அகநோக்கியின் நுனியில் மீயொலிக் கருவியைப் பொருத்திய ஆய்வுகளை வெளியிட்டனர். கணையத்திற்கும் கருவிக்கும் இடையே எஞ்சியது இரைப்பைச் சுவர் மட்டுமே. தொலைவு குறைந்தமையால் உயர் அதிர்வெண் ஒலியைப் பயன்படுத்த முடிந்தது. அதிர்வெண் உயர உயர நுண்மை கூடும். ஊடுருவும் ஆழம் குறையும். அருகிருந்து நோக்குவதால் ஆழக்குறைவு இங்குத் தடையாகவில்லை.

ஊசியின் வரலாறு

உருவம் ஐயத்தை எழுப்பும். உயிரணுவே ஐயத்தைத் தீர்க்கும். 1930இல் நியூயார்க்கின் மார்ட்டினும் எல்லிசும் ஊசியால் உறிஞ்சி எடுத்த உயிரணுக்களைக் கொண்டு கட்டிகளைக் கண்டறிந்தமையை வெளியிட்டனர். கருப்பைவாய் உயிரணுக்கள் பற்றிய பாப்பனிகோலாவின் ஆய்வுகள் உயிரணுவியலுக்கு மதிப்பளித்தன. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சார்ந்த மருத்துவர்கள் நுண் ஊசி முறையைச் செம்மைப்படுத்தினர்.

கணையத்தை ஊசி அடைந்த வரலாற்றில் கோபன்ஹேகன் நகரம் இருமுறை இடம்பெறுகிறது. 1975இல் ஹாங்கே, ஹோல்ம், கோக் ஆகியோர் மீயொலியின் வழிகாட்டலில் வயிற்றுத் தோலின் வழியாகக் கணையத்தில் நுண் ஊசி செலுத்திய ஆய்வை வெளியிட்டனர். 1992இல் பீட்டர் வில்மான் குழுவினர் அகநோக்கி வழியே மீயொலியின் துணையுடன் கணையத்திலிருந்து உயிரணு எடுத்ததை அறிவித்தனர். முந்தைய ஆய்வின் ஹாங்கே பிந்தைய ஆய்விலும் ஓர் ஆசிரியர். வெளியிலிருந்து செலுத்திய ஊசியை உள்ளிருந்து செலுத்தும் மாற்றம் ஒரே ஆய்வு மரபின் தொடர்ச்சி என்பதை இது காட்டுகிறது.

இம்மாற்றத்திற்குத் துணைநின்றது வளைவு வரிசை அமைப்புடைய கருவி. முந்தைய சுழல்வகைக் கருவி குழாயின் அச்சுக்குக் குறுக்கான வட்டத்தளத்தையே காட்டியது. அதில் ஊசி ஒரு புள்ளியாகத் தோன்றி மறையுமேயன்றி, அதன் நுனி செல்லும் வழி தெரியாது. வளைவு வரிசைக் கருவியோ குழாயின் அச்சுக்கு இணையான தளத்தைக் காட்டுகிறது. ஊசியும் அதே தளத்தில் செல்வதால், நுழைவு முதல் நுனி வரை முழு நீளமும் திரையில் ஒளிக்கோடாகத் தெரிகிறது. கண்காணிப்பின்றிக் குத்துவதற்கும் கண்டு செலுத்துவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

செயல்முறை

நோயாளிக்கு உறக்க மருந்து அளித்து, வாய் வழியே அகநோக்கி செலுத்தப்படுகிறது. கணையத்தின் உடலும் வாலும் இரைப்பையிலிருந்து புலப்படும். தலைப்பகுதியை முன்சிறுகுடலிலிருந்து நோக்க வேண்டும். கல்லீரலின் இடமடல், இடப்பக்க அண்ணீரகச் சுரப்பி, பெருந்தமனியை ஒட்டிய நிணநீர்க் கணுக்கள், இரைப்பைச் சுவரின் உள்ளடுக்குகளில் தோன்றும் கட்டிகள் ஆகியனவும் இவ்வழியில் எட்டத்தக்கவை. டாப்ளர் முறையால் இடையிலுள்ள குருதிக் குழாய்களைக் கண்டு விலக்கியபின் ஊசி செலுத்தப்படுகிறது.

ஊசிகள் 19, 22, 25 என்னும் அளவெண்களால் வழங்கப்படுகின்றன. எண் கூடக் கூட ஊசி மெலியும். கட்டிக்குள் ஊசியை முன்னும் பின்னுமாகப் பலமுறை இயக்கியும், விசிறிபோலத் திசை மாற்றியும் உயிரணுக்கள் திரட்டப்படுகின்றன. அவை கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயமேற்றப்பட்டு நுண்ணோக்கியில் ஆராயப்படுகின்றன. உயிரணு வல்லுநர் உடனிருந்தால், எடுத்தது போதுமா என அவ்விடத்திலேயே கூற இயலும். அண்மைக் காலத்தில் நுனி வடிவம் மாற்றப்பட்ட ஊசிகள் திசுத் துண்டையே எடுப்பதால், சிறப்புச் சாயங்களும் மரபணு ஆய்வுகளும் எளிதாகியுள்ளன.

முறைக்கு எல்லைகளும் உண்டு. குருதிக் கசிவு, கணைய அழற்சி, தொற்று ஆகியன சிறுபான்மையாக நேரும். ‘புற்று உள்ளது’ என்னும் முடிவு பெரிதும் நம்பத்தக்கது. ‘புற்று இல்லை’ என்னும் முடிவு அத்துணை உறுதியுடையதன்று. ஊசி நுனி தொட்ட இடத்தில் புற்றணு இல்லாமல் அடுத்த இடத்தில் இருக்கலாம். மேலும் எல்லாக் கட்டிக்கும் ஊசி தேவையில்லை. உருவப்படம் தெளிவாகப் புற்றைக் காட்டி, அறுவையால் அகற்றும் நிலையும் இருப்பின், ஊசி ஆய்வின்றியே அறுவை செய்யும் வழக்கம் உண்டு. வேதி மருத்துவம் தொடங்குமுன்போ, வேறு நோய் என்னும் ஐயம் வலுவாக உள்ளபோதோ உயிரணுச் சான்று இன்றியமையாததாகிறது.

சென்னையின் நோய்ச் சூழல்

‘வேறு நோய்’ என்னும் ஐயம் சென்னையில் பொருள் மிகுந்தது. மேலைநாடுகளில் கணையத்தை ஒட்டிய திரட்சியும் கணு வீக்கமும் முதலில் புற்றையே நினைவூட்டும். இங்கோ காசநோயையும் நினைக்க வேண்டியுள்ளது. வயிற்றுக் காசநோய் கணையப் புற்றின் உருவிலும் நிணநீர்ப் புற்றின் உருவிலும் தோன்றி மருத்துவரை மயக்கும். உடல் மெலிவு, பசியின்மை, வயிற்று வலி ஆகியன இவற்றிற்குப் பொதுவான அறிகுறிகள். படமும் பலவேளைகளில் பிரித்துக் காட்டாது.

1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிமருத்துவ மையம், வீட்டிலிருந்தவாறே மருந்துண்டு நுரையீரல் காசநோயைத் தீர்க்கலாம் என்பதை 1959இல் வெளியிட்ட ஆய்வால் நிறுவியது. அம்மையத்தின் வழிவந்த ஆய்வாளர்கள் 1997இல் வயிற்றுக் காசநோய் பற்றிய ஒப்பீட்டு ஆய்வை வெளியிட்டனர். ஆறு மாதக் குறுகியகால மருத்துவம் பன்னிரண்டு மாத மருத்துவத்திற்கு இணையான பயன் தருவதை அது காட்டியது. இம்முடிவை ஊசி ஆய்வோடு இணைத்து நோக்குதல் வேண்டும். ஊசி எடுத்த உயிரணுக்களில் காசநோய்க்குரிய குருமணித் திரள்கள் தெரிந்து, நுண்ணுயிரி ஆய்வும் அதை உறுதிசெய்தால், நோயாளிக்குக் காத்திருப்பது மாத்திரைகளும் ஆறு மாதங்களுமே, வயிற்றறுவை அன்று. பெருங்காயத்திற்கும் சிறு குத்திற்கும் உள்ள வேறுபாடு, ஒரு குடும்பத்தின் உழைப்பு நாட்களாகவும் கடனாகவும் கணக்கிடத்தக்கது.

இரண்டாவது சூழற்கூறு வெப்பமண்டல நாட்பட்ட கணைய அழற்சி. இளவயதில் தொடங்கிக் கணையத்தில் கற்களையும் நீரிழிவையும் உண்டாக்கும் இந்நோய் 1959இல் இந்தோனேசியாவிலிருந்து விளக்கப்பட்டது. கேரளத்தில் கீவர்கீஸ் விரிவாக ஆராய்ந்தார். சாரி, மோகன், பிச்சுமணி முதலானோர் சென்னை நோயாளிகளை ஆராய்ந்து 1994இல் வெளியிட்ட கட்டுரை, இந்நோயாளிகளுக்குக் கணையப் புற்று நேரும் வாய்ப்பு மிகுதி என்றது. இங்கு ஒரு முரண் எழுகிறது. புற்றை எவரிடம் கவனமாகத் தேடவேண்டுமோ அவரிடமே ஊசி தடுமாறுகிறது. அழற்சியால் இறுகிய திசு புற்றின் தோற்றத்தைத் தருவதும், கற்கள் ஒலியை மறைத்து நிழல் வீழ்த்துவதும் அதற்குக் காரணங்கள். மேலைநாட்டு வெற்றி விகிதங்களை அப்படியே இங்குப் பொருத்த இயலாமையை இது உணர்த்துகிறது.

மூன்றாவது இரைப்பைப் புற்று. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் தோன்றியது. அங்கு 1980களின் தொடக்கம் முதல் பேணப்பட்டுவரும் மக்கள்தொகைசார் புற்றுநோய்ப் பதிவேடு, சென்னை ஆண்களிடையே இரைப்பைப் புற்று முன்னணி இடம்பெற்றிருந்ததைக் காட்டியது. இந்நோயில் மீயொலி அகநோக்கியின் பணி வேறு. புற்று சுவரின் எந்த அடுக்குவரை சென்றுள்ளது, அருகிலுள்ள கணுக்களில் பரவியுள்ளதா என்பவற்றை அறிந்து, அறுவையா முன்மருத்துவமா எனத் துணிய அது உதவுகிறது.

சொல்லும் ஒப்புதலும்

நோயாளியின் ஒப்புதலின்றி ஊசி செலுத்துதல் ஆகாது. புரிதலின்றி ஒப்புதல் இல்லை. சொல்லின்றிப் புரிதல் இல்லை. இவ்விடத்தில் மருத்துவ வரலாறு மொழி வரலாறாகிறது. யாழ்ப்பாணம் மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் பிஷ் கிறீன் (1822–1884) மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, ‘இரண வைத்தியம்’ போன்ற நூல்களைத் தமிழாக்கினார். மருத்துவம் பயில்வோர்க்குத் தமிழ் போதும் என்பது அவர் நிறுவிய உண்மை. சென்னையில் மருத்துவக் கல்வி ஆங்கிலத்திலேயே நிலைபெற்றமையால், கலைச்சொல்லாக்கம் வகுப்பறைக்கும் நோயாளியின் படுக்கைக்கும் வெளியே நிகழ்ந்தது.

அதன் விளைவாக இரு வேறு சொற்கிடங்குகள் உருவாயின. அகராதியில் அகநோக்கி, மீயொலி, உயிரணு, திசு ஆய்வு ஆகியன உள்ளன. மக்கள் வழக்கில் ‘குழாய் விட்டுப் பார்த்தல்’, ‘ஸ்கேன்’, ‘சதைப் பரிசோதனை’ ஆகியன உள்ளன. மக்கள் வழக்கைக் கொச்சை என ஒதுக்குதல் பொருந்தாது. ‘குழாய் விட்டுப் பார்த்தல்’ செயலை உள்ளபடி உரைக்கிறது. ஆனால் ‘சதைப் பரிசோதனை’ என்னும் தொடர், சதையை வெட்டி எடுப்பதாகப் பொருள்தந்து அச்சமூட்டுகிறது. ஊசியால் சில உயிரணுக்களை உறிஞ்சுதல் அதனினும் மென்மையான செயல். ‘கட்டி’ என்னும் சொல்லும் அவ்வாறே: மருத்துவர் இயல்பு துணியப்படாத மாற்றம் என்னும் பொருளில் அதனை ஆள, நோயாளி புற்று என்றே கேட்கிறார். ‘கத்தி பட்டால் புற்று பரவும்’ என்னும் பரவலான நம்பிக்கை ஊசிக்கும் நீட்டிக்கப்படுவதால், தேவையான ஆய்வை மறுத்துத் திரும்புவோர் உண்டாகின்றனர். ஊசி சென்ற தடத்தில் புற்றணு பதிதல் அரிதாக அறியப்பட்டதே. அதனை மறைக்காமல், அதன் அருமையையும் ஆய்வின் பயனையும் ஒருசேர எடுத்துரைக்கும் தமிழ் தேவைப்படுகிறது.

முடிவுரை

வயிற்றுக் கட்டியை அறியும் முறைகளின் வரலாறு, காயத்தைச் சுருக்கிச் சான்றைப் பெருக்கிய வரலாறாகும். கை உணர்ந்ததைக் கத்தி திறந்து கண்டது. கத்தி கண்டதை ஒலி திறவாமலே காட்டியது. ஒலி காட்டியதை ஊசி எடுத்து நிறுவியது. எனினும் ஒவ்வொரு படியிலும் அறிவதற்குத் தேவைப்பட்ட கருவியும் பயிற்சியும் செலவும் பெருகின. தொட்டறிதற்கு ஒரு கை போதும். மீயொலி அகநோக்கி ஊசி ஆய்விற்கு விலையுயர்ந்த கருவியும், நெடும்பயிற்சி பெற்ற மருத்துவரும், உயிரணு வல்லுநரும் ஒருங்கே வேண்டும். இவர்களுள் ஒருவர் இல்லாவிடினும் முறை பயனற்றுப்போகும்.

1885இல் தடையாக நின்றது கோஷாத் திரை. இன்றைய திரைகள் வேறு: தொலைவு, செலவு, வல்லுநர் பற்றாக்குறை, விளங்காத சொல். கோஷா மருத்துவமனையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், 2010இல் சட்டமன்ற வளாகமாகத் திறக்கப்பட்ட ஓமந்தூரார் தோட்டக் கட்டடம் 2014இல் பன்னோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையாயிற்று. உயர்தொழில்நுட்பம் பொதுமக்களை அடைய வேண்டும் என்னும் நோக்கம் திருவல்லிக்கேணியின் எல்லையிலேயே இவ்வாறு இருமுறை கட்டட வடிவம் பெற்றுள்ளது. முன்னது கற்றுத்தந்த பாடம் பின்னதற்கும் உரியது. நோயாளி வரட்டும் எனக் காத்திராமல் அவர் நிற்கும் இடத்திற்கும் அவர் பேசும் மொழிக்கும் செல்லத்தக்க கைகளைப் பயிற்றுவித்தாலன்றி, ஊசிமுனையின் நுண்மை அதனை எட்டியவர்க்கு மட்டுமே பயன்தரும்.